ஒழுகுவது ஓரிடம், தெரிவது வேறிடம்

பழைய லாரியின் எஞ்சினில் ஆயில் கசிவைத் தேடுவது துப்பறியும் வேலை. தடயத்தை முதலில் கழுவிவிட வேண்டும் என்பதுதான் இதில் வேடிக்கை.

தில்லியின் வடமேற்கு ஓரத்தில், கர்னால் செல்லும் சாலையை ஒட்டி இருக்கிறது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் லாரிகள் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த லோடுக்குக் காத்திருக்கும் இடம். நாமக்கல், சங்ககிரி வண்டிகளையும் இங்கே பார்க்கலாம். மெக்கானிக் கடைகளின் முன்னால் தரை கறுப்பு. ஆண்டுக்கணக்கில் சொட்டிய ஆயிலும் டீசலும் தூசியோடு சேர்ந்து தார் போல இறுகிக் கிடக்கின்றன. பழைய வண்டி ஒன்று நகர்ந்தால் அது நின்ற இடத்தில் புதிதாக ஓர் ஈர வட்டம்.

இந்த வட்டத்தைப் பார்த்து டிரைவர்கள் பதறுவதில்லை. பதறுவது முதலாளிதான், அதுவும் பில் வந்த பிறகு. இத்தகைய கடைத்தெருக்களில் அடிக்கடி நடப்பது இதுதான்: எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், அடியில் ஆயில் சொட்டுகிறது. பின் சீல் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச்சையும் பிளைவீலையும் கழற்றி, சீலை மாற்றித் திரும்பப் பூட்ட இரண்டு நாள் ஆகிறது. இரண்டு நாள் வாடகையும் போகிறது. வண்டி கிளம்பி முந்நூறு கிலோமீட்டர் தாண்டியதும் அதே இடத்தில் அதே சொட்டு. ஆயில் உண்மையில் வெளியேறியது எஞ்சினின் உச்சியில், டேப்பட் கவரின் பின் மூலையில். அங்கே நசுங்கிக் கிடந்த தக்கை பேக்கிங்கின் விலை, சீல் மாற்றிய கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

காரணம் எளிது. ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓடும் வண்டியில் ரேடியேட்டர் ஃபேனின் காற்றும் எதிர்க்காற்றும் அதைப் பின்னால் தள்ளும். எஞ்சின் பிளாக்கின் விளிம்புகள் வாய்க்கால் போல அதைக் கடத்திக்கொண்டு போகும். முன்னாலும் மேலேயும் கசிந்தது பின்னாலும் கீழேயும் வந்து சொட்டும். ஆக, சொட்டு விழும் இடம் கசிவின் விலாசம் அல்ல. அது கடைசித் தபால் நிலையம்.

பழைய லாரி என்று இங்கே சொல்வது சென்ஸார்களும் கம்ப்யூட்டரும் வருவதற்கு முந்திய தலைமுறையை. 1954இல் டெய்ம்லர்-பென்ஸுடன் சேர்ந்து தொடங்கிய டாடா லாரியின் வம்சத்தில் வந்த 697 எஞ்சின் (6 சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர்), 1993இல் உருவான டாடா கம்மின்ஸ் கூட்டு நிறுவனத்தின் 5.9 லிட்டர் எஞ்சின், அசோக் லேலண்ட் காமெட் வண்டிகளின் எஞ்சின்கள் ஆகியவை இதில் சேரும். நீண்ட தூர ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்று மணல், செங்கல், காய்கறி மண்டி என்று உள்ளூரில் ஓடும் இவற்றில் பலவற்றின் உரிமையாளரே டிரைவர். எஞ்சின் சிக்கிக்கொண்டால் அவருக்கு மாற்று வண்டி கிடையாது.

கசிவா, எரிப்பா?

கழுவுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஆயில் உண்மையில் வெளியேதான் போகிறதா? காலையில், எஞ்சினைக் கிளப்பும் முன், சமதரையில் நிற்கும் வண்டியில் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, கிலோமீட்டரையும் ஊற்றிய ஆயிலின் அளவையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். ஒரு வாரம் போதும். அளவு இறங்குகிறது, தரையில் சொட்டு இல்லை, சைலன்ஸரில் நீலப் புகை வருகிறது என்றால் ஆயில் உள்ளே எரிகிறது. அதற்கு எந்த சீலும் மருந்தல்ல. அளவு இறங்காமல் ஏறினால் இன்னும் கவலைப்பட வேண்டும். டீசலோ தண்ணீரோ ஆயிலில் கலக்கிறது என்று பொருள். தண்ணீர் கலந்தால் ஆயில் மோர் போல வெளுக்கும். டீசல் கலந்தால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும். அந்த வண்டியை ஓட்டவே கூடாது.

அடுத்தது, சொட்டுவது எந்த ஆயில்? இரவு வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையைப் பரப்பி, முன் சக்கரம் எங்கே இருந்தது என்று அதில் குறித்துவிட்டால் காலையில் அது ஒரு வரைபடம். டீசல் எஞ்சினில் சில நாள் ஓடிய ஆயில் கன்னங்கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் அதைவிடக் கெட்டி. பழுப்பு நிறம், மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை. விரலில் தேய்த்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். எஞ்சின் சீலுக்கும் கியர்பாக்ஸின் முன் சீலுக்கும் இடையில் இருப்பது ஒரே பெல் ஹவுசிங். எந்தப் பக்கத்து ஆயில் என்று முகர்ந்து பார்க்காமல் எஞ்சின் சீலை மாற்றிவிட்டு, கியர் ஆயில் கசிவோடு வண்டியை அனுப்பும் கடைகளும் உண்டு.

தமிழில் இதற்கு வசதியாக மூன்று வினைகள் இருக்கின்றன: கசிவது, சொட்டுவது, ஒழுகுவது. ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தால் கசிவு. நிறுத்திய பின் தரையில் புள்ளி வைத்தால் சொட்டு. ஓடும்போதே கோடு போட்டால் ஒழுக்கு. முதலாவதைக் கண்காணிக்கலாம், இரண்டாவதைத் தேதி குறித்துச் சரிசெய்யலாம், மூன்றாவதோடு அடுத்த ஊருக்குக்கூடப் போகக் கூடாது. சொட்டு என்று இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். ஒரு மில்லிலிட்டருக்கு 30 சொட்டு என்று வைத்துக்கொண்டால், பத்து விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் கால் லிட்டருக்கு மேல் போய்விடும்.

கழுவிய பிறகே தேடல்

பல ஆண்டு ஆயிலும் புழுதியும் சேர்ந்து விரல் தடிமனுக்கு மேலங்கி போட்ட எஞ்சினில் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கழுவுவது அழகுக்காக அல்ல. நோயாளிக்கு எக்ஸ்ரே எடுப்பது போல அதுவே சோதனையின் முதல் படி. ஆனால் கழுவுவதற்கு முன் ஒரு பார்வை அவசியம். எங்கே அழுக்கு தடிமன், எங்கே புதிய ஈரம், எங்கே காய்ந்த தூசி என்று டார்ச் அடித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று எல்லார் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. நாலு படம் எடுத்து வைத்தால் போதும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் இரும்பு விரிசல் விடும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினில், டீசல் பம்ப்பின் மேல் தண்ணீரைப் பீய்ச்சினால் உள்ளே இருக்கும் பிளஞ்சர்கள் சுருங்கிய உடலில் சிக்கிக்கொள்ளும். மயிரிழை இடைவெளியில் ஓடும் சாமான் அது. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர் வாய், பிரீதர் குழாய், டிப் ஸ்டிக் துளை, ஆயில் ஊற்றும் மூடி எல்லாவற்றையும் பாலித்தீன் பையால் கட்டிவிட வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுவது நல்லது.

முதலில் சுரண்டல். மரத்துண்டோ மழுங்கிய தகடோ எடுத்து, கெட்டிப்பட்ட அழுக்கை அடியில் விரித்த தாளில் விழும்படி சுரண்டி எடுத்தால் பாதி வேலை தண்ணீரில்லாமல் முடிந்துவிடும். பிறகு வழக்கமாக நடப்பது டீசல் வாஷ்: கம்ப்ரஸர் காற்றோடு டீசலைக் கலந்து பீய்ச்சுவது. அழுக்கு பறக்கும் என்பது உண்மை. கழுவுகிறவரின் நுரையீரலுக்கும் அதுவே போகும் என்பதும் உண்மை. டீசல் படிந்த ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், எஞ்சின் மவுன்டிங் ரப்பர் எல்லாம் நாளடைவில் ஊறி உப்பும். அதைவிட முக்கியம், டீசலில் நனைந்த எஞ்சினில் டீசல் கசிவு இருந்தால் எப்படித் தெரியும்? பெட்ரோலில் கழுவுகிற தைரியசாலிகளைப் பற்றி எழுதாமல் விடுவதே மேல். வெந்நீரில் சோப்புத்தூளோ, தண்ணீரில் கரையும் டிகிரீஸரோ கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, கால் மணி ஊறவிட்டு, குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலசுவது நேரம் பிடிக்கும். ஆனால் காரியம் நடக்கும். கடைசியில் காற்றடித்து உலர்த்தி, பனியன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டும். நாடெங்கும் பட்டறைகளில் கை துடைக்கும் இந்தப் பனியன் வேஸ்ட்டில் திருப்பூருக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

உலர்ந்த எஞ்சினில் சந்தேகப்பட்ட இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவலாம். வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடு தொடங்கும் புள்ளி பளிச்சென்று தெரியும். ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கும் முறையும் உண்டு. பவுடர் மலிவு, பழைய வண்டிக்கு அதுவே போதும்.

பிறகு பொறுமை. பத்து நிமிடம் ஸ்லோவில் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். சூடேறிய பிறகு ரேஸ் செய்து பார்க்க வேண்டும். அதிலும் தெரியாவிட்டால் லோடோடு இருபது, முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி குனிய வேண்டும். சில கசிவுகள் ஆயில் பிரஷரில் மட்டும் தெரியும். சில, நிறுத்தி ஆறும்போதுதான் தலைகாட்டும். ஈரமான இடங்களிலேயே எது மிக உயரத்தில், எது மிக முன்னால் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. மற்றவை அது நடந்து போன கால்தடம்.

வழக்கமான சந்தேக நபர்கள் அதிகம் இல்லை. மேலே டேப்பட் கவர். பக்கவாட்டில் ஆயில் ஃபில்டர். பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேலேயே புதியதைப் பூட்டியிருப்பார்கள். பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய். ஏர் பிரேக் கம்ப்ரஸருக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய். இந்தக் கம்ப்ரஸர் தேய்ந்தால் ஆயில் வெளியே தெரியாமல் ஏர் டேங்க்குக்குள் போகும், டேங்க்கைத் திறந்துவிடும்போது காற்றோடு கறுப்பாகத் துப்பும். முன்னால் டைமிங் கவர், கிராங்க் புல்லி சீல். அடியில் ஆயில் சேம்பர் பேக்கிங், டிரெயின் பிளக்கின் செப்பு வாஷர். கடைசியாகத்தான் பின் சீல். பழைய எஞ்சின்கள் பலவற்றில் பின் சீல் என்பது ரப்பர் கூட அல்ல, பள்ளத்தில் பதித்த கயிறு. லேசாகக் கசிவது அதன் பிறவிக் குணம்.

சீலைக் குறை சொல்லும் முன்

இவ்வளவும் சரியாகச் செய்து, சீலும் மாற்றி, மறுபடி ஒழுகினால்? பெரும்பாலும் குற்றம் சீலில் இல்லை. மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று அழைக்கும் சமாசாரம் அது. பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேயும்போது எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் சேம்பருக்குள் இறங்குகிறது. அதை வெளியேற்றத்தான் பிரீதர் குழாய். வாயு அதிகமானாலோ, குழாய் அடைத்துக்கொண்டாலோ, உள்ளே அழுத்தம் ஏறும். வெளியேற வழி தேடும் அந்த அழுத்தம் எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒன்றை அடைத்தால் அடுத்தது திறக்கும்.

சோதனைக்குக் கருவி வேண்டாம். எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, வாயின் மேல் தலைகீழாக வைக்க வேண்டும். லேசாக நடுங்கினால் சரி. மூடி துள்ளி விழுந்தால், வாயிலிருந்து புகை சிம்னி போல வந்தால், ரிங் வேலை காத்திருக்கிறது. அதற்கு முன் பிரீதர் குழாயைக் கழற்றிக் கழுவிப் பார்ப்பது புத்திசாலித்தனம். உள்ளே கருங்கூழ் அடைத்திருந்தால் சில நூறு ரூபாயில் எஞ்சின் பிழைத்துவிடும். குழாயிலிருந்து சொட்டுகிறது என்று அதன் வாயில் துணியைத் திணித்துக் கட்டிய வண்டிகளும் சாலையில் ஓடுகின்றன. பிரஷர் குக்கரின் வெயிட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சமைப்பதற்குச் சமம் அது. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றுவதும் இதன் தம்பி. கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கி எல்லா மூலைக்கும் விரட்டும்.

பழுது பார்ப்பதில் இரண்டு தப்புகளை எங்கும் காணலாம். ஒன்று, கசிகிறதா, முறுக்கு என்ற சித்தாந்தம். அளவுக்கு மீறி முறுக்கினால் தக்கை பேக்கிங் பிதுங்கும், ஆயில் சேம்பரின் தகட்டு விளிம்பு போல்ட் துளைகளைச் சுற்றிக் குழியும். அந்த விளிம்பைச் சமதளத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தாமல் எந்தப் பேக்கிங் போட்டாலும் நிற்காது. மற்றொன்று சிலிக்கான் பசை. மெல்லிய கோடாக வைக்க வேண்டியதை அப்பம் மாவு போல அப்புகிறார்கள். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது ஒரு நாள் அறுந்து விழுந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைக்கும். கசிவு நிற்கும், எஞ்சினும் நிற்கும். புதிய சீல் போடும்போது தண்டில் பழைய சீல் அறுத்த பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பள்ளம் இருந்தால், இடம் இருக்கும் பட்சத்தில், புதிய சீலின் உதடு அந்தப் பள்ளத்தில் உட்காராமல் சற்றுத் தள்ளிப் பூட்டுவது பழைய மிஸ்திரிகளின் வழக்கம்.

எல்லாக் கசிவையும் ஒழித்தே தீர வேண்டுமா? இல்லை. கயிறு சீலின் ஈரத்துக்காக கியர்பாக்ஸை இறக்குவது பண விரயம். அடுத்த முறை கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்துச் செய்யலாம். ஆனால் சில இடங்களுக்குத் தவணை கிடையாது. டர்போ இருக்கும் வண்டியில் அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாய் முதலாவது. லோடோடு மேடேறும்போது புகைபோக்கிப் பக்கத்து வாயு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் சிவந்த இரும்பின் மேல் பிரஷரில் பீய்ச்சும் ஆயில் பட்டால் தீப்பொறியே தேவையில்லை. மேனிஃபோல்டுக்கு மேலே கசியும் டேப்பட் கவரும் இதே வகை. கிளட்ச்சில் ஆயில் இறங்கினால் மலைப்பாதையில் வண்டி இழுக்காது. சாலையில் விழும் ஆயிலோ முதல் மழையில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் தலைக்கு வரும்.

சோட்டுவின் கைகள்

இந்த வேலையில் வண்டிக்கு அடியில் புகுவது யார்? வட இந்தியப் பட்டறைகளில் பெயர் எதுவானாலும் 'சோட்டு' என்றே கூப்பிடப்படும் கடைசி ஆள். சக்கரத்துக்குக் கட்டை போடாமல், வெறும் ஜாக்கியை நம்பி, செருப்புக்கூட இல்லாமல் புகுகிறார். டீசல் வாஷும் அவர் கையில்தான். ஓடிய எஞ்சின் ஆயிலில் தோல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. அன்றாடம் முழங்கை வரை அதில் நனைவது விளையாட்டல்ல. ரப்பர் கையுறையின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டாது. பழைய கயிறு சீலிலும் பேக்கிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உலர வைத்துச் சுரண்டித் தூசி கிளப்பாமல், நனைத்து எடுக்க வேண்டும். 14 வயது நிரம்பாத பிள்ளைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரத்துக்கு வெளியே உதவுவதற்கும் கலைத்துறைக்கும் மட்டும் விலக்கு உண்டு. மெக்கானிக் கடைக்கு அது இல்லை.

கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சிந்திய ஆயிலின் மேல் மணலோ மரத்தூளோ உமியோ போட்டு ஊறவிட்டுக் கூட்டி அள்ளினால் பெரும்பகுதி கையோடு வந்துவிடும். ஆயில் நனைந்த பனியன் வேஸ்ட்டை எஞ்சின் சந்திலேயே செருகி மறந்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். மேனிஃபோல்டின் பக்கத்தில் அது ஒரு திரி.

வடித்த பழைய ஆயிலுக்கு மட்டும் எப்போதும் வாங்க ஆள் உண்டு. கட்டட வேலையில் சென்ட்ரிங் பலகைக்குப் பூச, மரத்துக்குக் கரையான் மருந்தாகத் தடவ, அடுப்பில் எரிக்க என்று தகர டின்களில் அது கைமாறுகிறது. 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் இதில் பொறுப்பு சுமத்தப்பட்டிருக்கிறது: விற்ற ஆயிலுக்கு ஈடாகக் குறிப்பிட்ட பங்கு பழைய ஆயில் மறுசுழற்சி ஆனதற்கு அவர்கள் சான்று காட்ட வேண்டும். டின்னோடு கடை வாசலில் வந்து நிற்கும் பழைய சாமான்காரரிடம் இப்போதைக்கு யாரும் சான்று கேட்பதில்லை.